பங்கு பிரித்த வருஷத்து மக்காச்சோளம்

நானும் அண்ணனும் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்டது ஓர் ஆனி மாதம். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. உடுமலைக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் எங்கள் காடு; விளைநிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். அப்பா இருந்தவரையிலும், அவர் போன பிறகும், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெள்ளாமை பார்த்தோம். உழவு, உரம், விற்பனை எல்லாம் அண்ணன். தண்ணீர் கட்டுவது, மருந்து அடிப்பது, ஆள் கூப்பிடுவது நான். இப்படி என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அமைந்துவிட்டது. சாப்பாடு அண்ணன் வீட்டில். அதை அண்ணன் வீடு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெறுமனே ஊடு என்றுதான் சொல்வேன்.

பிரிப்பதற்குச் சண்டை எதுவும் காரணமில்லை. அண்ணன் மகன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். மகள் பத்தாவது முடித்திருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்:

"நாம நல்லா இருக்கறப்பவே ஆளுக்கொரு பாகம்னு எழுதிக்கிட்டா, பின்னால பசங்களுக்குச் சிக்கல் இருக்காதுடா."

எனக்குப் பசங்கள் இல்லை. யாருக்குப் பின்னால் சிக்கல் வரும் என்று அவர் நினைக்கிறார் என்பது புரிந்தது. அதில் தப்பும் இல்லை. "செரிங்ணா, எழுதிக்கலாம்" என்றேன்.

சர்வேயர் வந்து சங்கிலி போட்டபோது வீடும், சிமெண்டுக் களமும், மோட்டார் ரூமும் மேற்குப் பாகத்தில் விழுந்தன. கிழக்குக் காடும் சாளையும் எனக்கு. சாளை என்பது காட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஓட்டு வீடு, ஒரே அறை. அதுவரை உர மூட்டையும் பழைய பைப்புகளும் போட்டு வைத்திருந்தோம். கிணறு பொது, தண்ணீர் முறை வைத்துக்கொள்வது என்று பேச்சு. களம் போனதற்கு ஈடாக என் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் கூட்டியே விட்டார் அண்ணன். குறை சொல்ல ஒன்றுமில்லை. கல் நட்டு முடிந்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தார். நானும் வழக்கம்போல அவர் பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான், நான் போக வேண்டிய பக்கம் இதில்லை என்று உறைத்தது. நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வருகிறேன் என்றே நினைத்திருப்பார்.

சாளையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன். கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு கட்டில். சமையல் எனக்குத் தெரியாது. அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். இருபது வருஷமாக நங்கையா போட்ட சோற்றைத் தின்றவனுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பதே தெரியவில்லை. முதல் நாள் வடித்தது மூன்று பேர் சாப்பிடும் அளவு இருந்தது. போனில் வீடியோ பார்த்து ரசம் வைத்தேன். அதில் பேசும் பெண் ஒவ்வொரு தடவையும் "இப்ப நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் பரிமாறலாம்" என்று முடிப்பாள்.

அந்த முதல் வாரம் நங்கையா தினமும் மதியம் ஒரு டிபன் கேரியர் அனுப்பினார். கொண்டு வந்தது, எங்கள் இரண்டு காட்டுக்கும் களையெடுப்புக்கு ஆள் கூட்டி வரும் அக்கா. பக்கத்து ஊரில் இருக்கிறார். என் அம்மா காலத்திலிருந்தே வருகிறவர். வாரக் கடைசியில் கேரியரைக் கழுவி அவர் கையில் கொடுத்து, "இனிமேல் வேண்டாமுன்னு சொல்லீருங்க. நானே ஆக்கிக்கறேன்" என்றேன். கூச்சத்தில் சொன்னது. பங்கு எழுதி வாங்கிவிட்டு அவர்கள் சோற்றையும் தின்றுகொண்டிருப்பதா என்று இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது அது கோபமாகச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு கேரியர் வரவில்லை. அண்ணன் கிணற்று மேட்டில் எதிரே வந்தால் மோட்டாரைப் பார்ப்பார். நான் வாய்க்காலைப் பார்ப்பேன். நேராகச் சண்டை போட்டிருந்தால் யாராவது பெரியவர்கள் நடுவில் வந்து பேசி வைத்திருப்பார்கள். சண்டையே இல்லாததால் பேசி வைக்கவும் ஆள் இல்லை.

புரட்டாசியில் மழை விழுந்தது. மக்காச்சோளம் வாங்க உடுமலை விதைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"ஏனுங், அண்ணன் நேத்தே வந்து வாங்கிட்டுப் போய்ட்டாருங்களே. உங்குளுக்கும் சேத்துத்தான்னு நெனச்சேன்."

"இல்லீங், இது எனக்குத் தனியா."

"அப்படீங்களா" என்றார். அண்ணன் என்ன ரகம் வாங்கினார் என்று கேட்டேன். அதையே கொடுக்கச் சொன்னேன். வேறு எதையாவது வாங்க வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன்.

வேறாக நான் செய்தது சோயா மட்டும்தான். வேளாண்மை அலுவலகத்தில் சோயா விதை வந்திருக்கிறது, சோதனைக்குப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சோயா போட்டதில்லை. மக்காச்சோளம் வருஷா வருஷம் போட்டு மண் இளைத்துப்போயிருந்தது; பயறு வகை ஏதாவது போட்டால் தேவலை என்று எனக்கு முன்பே ஒரு எண்ணம் உண்டு. கிழக்கு வேலி ஓரமாக அரை ஏக்கர் ஒதுக்கினேன். விதையோடு ஒரு பொட்டலம் நுண்ணுயிர் உரம் கொடுத்திருந்தார்கள். அதை ஆறின சோற்றுக் கஞ்சியில் கலந்து, விதையைப் புரட்டி, சாளைக்குள் நிழலில் சாக்கு விரித்துக் காய வைத்தேன். அன்றைக்குக் கஞ்சிக்கென்றே சோறு வடித்ததால், அளவு தெரியாமல் வடிப்பதற்கு முதல் தடவையாக ஒரு காரணம் இருந்தது.

இரண்டு காட்டிலும் மக்காச்சோளம் ஒரே நாளில் முளைத்தது. பார் பாராக, வரிசை பிடித்துப் பச்சை ஊசி குத்தினதுபோல. காலையில் வரப்பில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அண்ணனும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முளைப்பு நன்றாக இருந்தால் அவர் இடது கையால் மீசையைத் தடவுவார். தடவினார். எனக்கும் சந்தோஷம். அதைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் படைப்புழு வந்தது. இப்போது மக்காச்சோளம் போடுகிற எல்லோருக்கும் இந்தப் புழுவைத் தெரியும். பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும். இலை விரிந்தால் வரிசையாக ஓட்டை. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம். ஒரு செடியில் கண்டு உடனே பார்த்தால் பிழைத்தோம். ஒரு வாரம் விட்டால் காடே போய்விடும். சாயங்காலம் ஒவ்வொரு பாராக நடந்து குருத்தை விரித்துப் பார்ப்பது எப்போதும் என் வேலை. அண்ணனுக்குக் குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் என் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு வரப்பு வரை வந்து நின்றேன். வரப்புக்கு அந்தப் பக்கம் முதல் பாரிலேயே ஓட்டை விழுந்த இலை தெரிந்தது. அண்ணன் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் களையெடுக்க வந்த அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அவுங்க பக்கம் குருத்துல புழு உழுந்துருக்குது. இன்னைக்கே மருந்தடிக்கச் சொல்லுங்க. பொழுதோடதான் அடிக்கோணும், குருத்துக்குள்ள எறங்கற மாதிரி."

"நான் எதுக்குங் நடுவுல? நாலு எட்டு நடந்து நீங்களே சொல்லீட்டு வாங்களேன்."

"நீங்களே சொல்லீருங்கக்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மதியம் திரும்பி வந்து, அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "பாத்துட்டன்னு சொல்லு. மருந்து வாங்கீட்டு வந்தாச்சுன்னு சொல்லு. அவனையும் மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டு அடிக்கச் சொல்லு." சாயங்காலம் வரப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு அடித்தோம். நான் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மக்காச்சோளம் வளர்ந்து ஆள் உயரம் தாண்டியதும் சாளை தனித்தீவாகிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சைச் சுவர். அதுவரை வாசலில் நின்றால் அண்ணன் வீட்டு ஓட்டுக்கூரையும், துணி காயப்போட்டிருப்பதும், வண்டி வந்து நிற்பதும் தெரியும். எல்லாம் மறைந்துபோயின. இரண்டாம் யூரியா வைக்க உள்ளே இறங்கினால் காற்றே இல்லை. இலையின் விளிம்பு கையை அறுக்கும், வேர்வை பட்டு எரியும். மேலே ஆண்பூ வந்து மகரந்தம் தலையெல்லாம் மஞ்சளாக விழும். உள்ளே இருக்கும்போது இலை உரசுகிற சத்தம் பக்கத்துப் பாரில் யாரோ நடந்து வருகிற மாதிரியே கேட்கும். பல தடவை "ஆருங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள், மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை என்பது அப்படிக் கேட்டபோது என் குரல் கம்மியிருந்ததிலிருந்து தெரிந்தது.

கார்த்திகையில் தரகர் ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் இப்போது யாரும் விவாதம் செய்கிற விஷயமல்ல. என் வயதில் கல்யாணமாகாமல் எங்கள் ஊரிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவர். அப்பா இல்லை. அம்மாவோடு காரமடையில் இருக்கிறார். கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மக்காச்சோளக் கதிரில் பட்டு நூல் விடுகிற, தண்ணீர் தவறக் கூடாத நேரம். அன்றைக்குத் தண்ணீர் முறை வேறு என்னுடையது. விடிவதற்குள் தண்ணீர் கட்டி முடித்துவிட்டுப் புறப்பட்டேன். மூன்று பஸ் மாறிப் போனேன். தரகர் காரமடையில் வந்து சேர்ந்துகொண்டார்.

பெண்ணின் மாமா என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணன் வல்லீங்களா?"

"வேலை இருக்குதுங்க. அறுப்பு வருது."

அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவருக்கும் தோட்டம் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

பிரகாரத்தில் எங்கள் இரண்டு பேரையும் பேசச் சொல்லி விட்டார்கள். பெண் கூச்சப்படாமல் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

"தோட்டத்துல கூட ஆரு இருக்கறாங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"பகல்ல?"

"வேலை இருந்தா ஆளுக வருவாங்க. இல்லாத நாள்ல ஆரும் வர மாட்டாங்க."

"பக்கத்துல ஊடு?"

"அண்ணன் ஊடு இருக்குதுங்க. கூப்படற தூரந்தான்."

"அங்க போய் வந்து இருந்துக்கலாங்களா?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அவர். "நான் கடைல நாளெல்லாம் பேசறவ. ஊட்டுக்கு வந்தா எங்கம்மாகிட்ட அந்தக் கதையெல்லாம் சொல்லித் தீக்கோணும். பேச்சுத் தொணை இல்லாத எடத்துல என்னால இருக்க முடியாதுங்க. உங்களப் பாத்தா நல்ல மாதிரியாத்தான் தெரியுது."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது. வரும்போது காந்திபுரத்தில் இறங்கினேன். எந்தக் கடை என்று தரகர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு, கடையில் இருக்கவும் மாட்டார். ஆனாலும் அந்தக் கடை வாசல் வரை நடந்தேன். உள்ளே போகிறவர்களும் பையோடு வெளியே வருகிறவர்களுமாக ஒரே கூட்டம். ஒரு லுங்கி வாங்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று உக்கடத்துக்கு டவுன் பஸ் ஏறினேன்.

மார்கழியில் கதிர் பால் பிடித்தது. பால் பிடித்தால் கிளியும் மயிலும் வந்துவிடும். மயிலை அடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சத்தம் போட்டு விரட்ட வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் இப்போது பேட்டரி ஸ்பீக்கர் வாங்கி, நம் குரலையே பதிந்து, குச்சியில் கட்டிவிடுகிறார்கள். நாள் முழுக்க அது கத்திக்கொண்டிருக்கும். அண்ணன் ஒன்று வாங்கி வரப்போரமாக நட்டார். ஒரு காலை திடீரென்று அவர் குரல் கேட்டது.

"ஏய்! போ! போ அக்கட்டால! ஏய்!"

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினேன். அரை நிமிஷம் விட்டு மறுபடியும் அதே குரல். ஆறு மாதமாக என்னோடு பேசாத குரல் இப்போது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என் வாசலுக்கு நேராகக் கத்தியது. அண்ணன் அதை வீட்டு முற்றத்தில் நின்று பதிந்திருக்க வேண்டும். கடைசி "ஏய்"க்குப் பிறகு தூரத்தில் நங்கையாவின் குரலும் அதில் விழுந்திருந்தது: "சோறு ஆறுதுங்க, வாங்க." பதிந்தவர் கவனிக்கவில்லை. நானோ அதைத்தான் கேட்டேன். வயிற்றின் பழக்கதோஷம். மதியம் அந்தக் குரல் வந்தால் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

மயில்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்று கொத்தின. அண்ணன் அதைக் கழற்றிவிட்டு, பழைய கேசட் நாடாவைக் காட்டின் குறுக்கே இழுத்துக் கட்டினார். அது காற்றில் விர்ரென்று இரையும். அந்த இரைச்சலுக்கு மயில் கொஞ்ச நாள் பயந்தது. எனக்குத்தான் பகல் மறுபடி நீண்டுபோயிற்று.

இதற்கிடையில் சோயா பழுத்தது. இலை மஞ்சளாகி உதிர்ந்து, வெறும் தண்டும் காயும் நின்றன. ஆட்டினால் கலகலவென்று சத்தம். வெயில் ஏறின பிறகு தொட்டால் காய் வெடித்து விதை தெறித்துவிடும். அதனால் பனி காய்வதற்குள் அறுத்துவிட வேண்டும். ஆள் கேட்டால் அக்கா, "எல்லாரும் வெங்காயத்துக்குப் போய்ட்டாங்கங். நான் ஒருத்தி வந்து என்ன பண்ண?" என்றார். தனியாகத்தான் அறுத்தேன். பத்து நாள் இருக்கும். குல்லாயும் சட்டையும் பனியில் நனைந்து, விரல் மரத்து, குனிந்து அரிவாளால் அறுத்து அறுத்து வைப்பேன். சில செடியை வேரோடு பிடுங்கிப் பார்ப்பேன். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. மண்ணுக்குச் சத்துப் பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். நன்றாகப் பிடித்திருந்தது. அந்த ஒரு செடியை வரப்பில் எடுத்து வைத்தேன், யாருக்காவது காட்ட. வெயில் ஏறி வாடின பிறகு எருக்குழியில் போட்டேன்.

தை பிறந்து மக்காச்சோளத்துக்கு அறுப்பு மெஷின் வந்தது. மெஷின்காரர் தாராபுரம் பக்கம். எங்கள் ஊருக்கு ஒரு தடவைதான் வருவார். ஒரே நாளில் இரண்டு காட்டையும் அறுத்துவிட வேண்டும். டிரைவர் வரப்பருகே நிறுத்திவிட்டு என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங், ஒரே காடுதானுங்களே? நேரா இழுத்தர்லாமா?"

"இல்லீங்க" என்றேன் நான். "ரெண்டுங்க" என்றார் அண்ணன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. மெஷின் சத்தத்தில் அதற்குள் திரும்பிவிட்டார்.

அண்ணனுடைய மணி சிமெண்டுக் களத்தில் காய்ந்தது. நான் சாளை முன்னால் மண் தரையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டினேன். ஈரம் இருந்தால் கோழித் தீவனக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். நாலைந்து வெயிலாவது வேண்டும். மூன்றாம் நாள் அண்ணன் குடும்பம் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. மதியத்துக்கு மேல் கிழக்கே மேகம் கட்டியது. தையில் மழை எங்கே வரப்போகிறது என்று அசட்டையாக இருந்தேன். காற்று ஈரமாக அடித்ததும் எழுந்தேன். பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்காவும் ஓடி வந்தார்.

"மொதல்ல இதைக் குமிங்க, மொதல்ல இதைக் குமிங்க!" என்று என் தார்ப்பாயைக் காட்டிக் கத்தினார்.

நான் அதற்குள் வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். யோசித்துச் செய்ததல்ல. பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து மழை வந்தால் நான் ஓடினது அந்தக் களத்துக்குத்தான். கால் தன்னால் அங்கே போயிற்று. தார்ப்பாய் எங்கே இருக்கும், மேலே வைக்கும் கல் எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. பலகையால் தள்ளிக் குவித்து, மூடி, ஓரமெல்லாம் கல் வைத்து முடிக்கும்போது பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. திரும்பி ஓடினேன். அக்கா தன்னால் முடிந்த அளவுக்குக் குவித்து, தார்ப்பாயின் பாதியை மேலே மடித்துப் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்திருந்தார். ஒரு ஓரம் முழுக்க நனைந்துவிட்டது.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணன்.

"அங்க மழையாடா?"

"ஆமாங்ணா, வந்துபோட்டுது."

பின்னால் மேளமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. "களத்துல..." என்று இழுத்தார்.

"மூடிப்போட்டேன்."

"உன்னுது?"

"ஒரு பக்கம் நனஞ்சுபோச்சு."

அவர் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டார், "சாப்புட்டயா?"

"இன்னும் இல்லீங்."

"செரி, வெச்சர்றேன்."

அடுத்த நாள் காலையில் அண்ணன் வரப்பைத் தாண்டி சாளைக்கு வந்தார். பங்கு பிரித்த பிறகு முதல் தடவை. நனைந்த குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார்.

"இந்த மண்ணுத் தரைல வெச்சு எந்தக் காலத்துல காயறது? களத்துக்குக் கொண்டுட்டு வா."

டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஒரே களத்தில் இரண்டு குவியல், நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி. மூன்று நாள் இரண்டு பேரும் காலால் கிண்டிவிட்டுக்கொண்டே இருந்தோம். பேசினது எல்லாம் ஈரத்தைப் பற்றி, லாரியைப் பற்றி. மூட்டை பிடிக்கும்போது மாறிவிடக் கூடாது என்று அவருடையதுக்குப் பச்சைக் கயிறு, என்னுடையதுக்கு வெள்ளைக் கயிறு போட்டுத் தைத்தோம். ஒரே லாரியில் போனது. அவ்வளவு கொஞ்சம் சோயாவை வாங்க ஆள் கிடைக்கவில்லை. விதைக்கு வைத்துக்கொண்டது போக நங்கையாவுக்கு ஒரு படி கொடுத்தேன். சுண்டல் செய்து பார்த்துவிட்டு, "பச்ச வாசம் போகவே மாட்டேங்குதுங்க தம்பி, மாடு வேணாத் திங்கும்" என்றார். கேரியர் நின்ற பிறகு நங்கையா என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

லாரி போன அன்றைக்கு, "உக்காருங்க, சாப்புட்டுட்டுப் போவீங்களாமா" என்றார் நங்கையா. உட்கார்ந்தேன். நான் எப்போதும் உட்காரும் இடத்தில் அண்ணன் மகளின் புத்தக மேஜை வந்திருந்தது. அவள் எழுந்து ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி. சோறு, பருப்பு, கத்திரிக்காய் குழம்பு. நிறைய சாப்பிட்டேன். கேரியர் விஷயத்தை நானும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, "இங்கயே வந்து இருந்துக்கறதுன்னாலும் செரிதான்" என்றார், என்னைப் பார்க்காமல். "அங்க சாமானமெல்லாம் இருக்குதுங்ணா" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நானும் அவர் வற்புறுத்த வேண்டும் என்று கொஞ்சம் காத்திருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அறுத்த பயிரின் அடிக்கட்டைகள் குத்தாமல் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. தனியாக ஆக்கித் தனியாகத் தின்ற நாட்களில் இல்லாத ஒரு பாரம் அன்று வயிறு நிறைந்து நடக்கும்போது நெஞ்சில் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் நான் ஒருநாளும் அழுததில்லை. அன்றைக்கு நடுக்காட்டில் நின்று கொஞ்சம் அழுதேன். பார்க்க ஆள் இல்லை என்பது அப்போது வசதியாகத்தான் இருந்தது.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். புழு வந்தால் நேரிலேயே சொல்கிறேன். அமாவாசைக்கு அங்கே சாப்பாடு. மற்ற நாளில் சாளையில்தான். அளவாக அரிசி போடக் கைக்குப் பழகிவிட்டது. அடுத்த போகத்துக்கு மக்காச்சோளத்தோடு சோயாவை ஊடுபயிராகப் போடலாமா என்று யோசிக்கிறேன். களைக்கொல்லி அடிக்க முடியாது, ஆள் விட்டுக் கையால்தான் களையெடுக்க வேண்டும், வேலை கூடும். கூடட்டும் என்று இருக்கிறது.